‘ரெண்டு பீர் தானே ப்ரோ’: பத்தாயிரம் ரூபாய் ஃபைனோட முடியாத கணக்கு



போன மாசம் நம்ம சேனல்ல ‘பைக் இன்சூரன்ஸ்ல இருக்கிற 15 லட்சம் கவர் பத்தி தெரியுமா?’ன்னு ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதைப் பார்த்துட்டு ஒரு தங்கச்சி மெயில் அனுப்பியிருந்தாங்க. பேர், ஊர் சொல்லாம எழுதிக்கிறேன்னு அனுமதி வாங்கிட்டுத்தான் இதை எழுதுறேன்.

அவங்க வீட்டுக்காரருக்கு 34 வயசு. ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனவர், ராத்திரி மொட்டை மாடியில ரெண்டு பீர் குடிச்சிருக்கார். வீடு 9 கிலோமீட்டர் தூரம். பாதி வழியில குறுக்கே நாய் வர, பிரேக் அடிச்சு வண்டி சறுக்கி விழுந்துட்டார். வேற யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. மூணாவது நாள் ஆஸ்பத்திரியில இறந்துட்டார். பெரிய பொண்ணு மூணாவது படிக்குது, சின்னவனுக்கு ரெண்டு வயசு.

பைக் இன்சூரன்ஸை வருஷா வருஷம் தேதி தவறாம கட்டியிருக்கார். அதுல ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்து கவரும் இருந்திருக்கு. கிளெய்ம் போட்டாங்க. ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில ‘மது வாசனை’ன்னு எழுதியிருக்கு, ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்லுதுன்னு காரணம் காட்டி கிளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு. ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில அடிப்படைத் தொகை வந்துச்சு. விபத்து ரைடர் தொகை வரல.

மெயிலோட கடைசி வரி இதுதான்: “அண்ணா, அவர் ரெண்டு பீர்தான் குடிச்சார். எல்லாரும்தானே குடிச்சுட்டு ஓட்டுறாங்க? எங்களுக்கு மட்டும் ஏன்ணா இப்படி?”

ரெண்டு நாள் அந்த மெயிலுக்கு என்னால பதில் எழுத முடியல. ஏன்னா அந்த ‘எல்லாரும்’ல நானும் ஒருத்தன். கல்யாணத்துக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நண்பர்களோட உட்கார்ந்துட்டு, ‘நான் ஸ்டெடிடா’ன்னு சொல்லிட்டு எத்தனை தடவை பைக் எடுத்திருக்கேன்னு எனக்கே கணக்கில்ல. ஒண்ணும் ஆகல. அது திறமை இல்ல, அதிர்ஷ்டம்தான். இது புரியவே எனக்குப் பல வருஷம் ஆச்சு.

அதனால இந்தப் பதிவுல ‘குடிக்காதீங்க’ன்னு பிரசங்கம் பண்ணப் போறதில்ல. இது பணத்தைப் பத்திப் பேசுற இடம். குடிச்சுட்டு வண்டி சாவியை எடுக்கிற அந்த நிமிஷத்துல, நீங்க இத்தனை வருஷம் பிரீமியம் கட்டிச் சேர்த்த பாதுகாப்புல எது எதெல்லாம் கழண்டு விழுதுன்னு ஒண்ணொண்ணா கணக்குப் போடுவோம்.

முதல்ல, எத்தனை பேர் இதைப் பண்றாங்க?

2019-21ல நடந்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 வயசுக்கு மேற்பட்ட ஆண்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் மது குடிக்கிறவர். இந்திய அளவுல இது அஞ்சுல ஒருத்தருக்குக் கொஞ்சம் குறைவு. டாஸ்மாக் மூலமா அரசுக்கு 2023-24ல வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல.

இப்ப ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ராத்திரி ஒன்பதரை மணிக்கு உங்க ஏரியா டாஸ்மாக் பார் வாசல்ல எத்தனை பைக் நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. கடை மூடுற நேரம் 10 மணி. பத்தேகாலுக்கு அந்த இடம் காலியாயிடும். அத்தனை வண்டியையும் யார் ஓட்டிட்டுப் போனாங்க? கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, காதுகுத்து, ஆபீஸ் பார்ட்டின்னு எங்க பார்த்தாலும் இதே கதைதான்.

ஆனா அரசுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தா வேற மாதிரி இருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கைப்படி 2022ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல குடிபோதையில ஓட்டினதுன்னு பதிவானது சுமார் 2.5 சதவீதம்தான். முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவா, 71 சதவீத மரணங்கள் ‘அதிவேகம்’ங்கிற கணக்குல போயிடுது.

‘பார்த்தீங்களா, குடிச்சுட்டு ஓட்டுறதால பெருசா ஒண்ணும் ஆகல’ன்னு சொல்லிடலாமா? அவசரப்படாதீங்க. ஒரு ஒப்பீட்டுக்கு அமெரிக்காவை எடுத்துக்குவோம். அங்க 2022ல சாலை விபத்து மரணங்கள்ல 32 சதவீதம், அதாவது 13,524 பேர், மது குடிச்ச டிரைவர் சம்பந்தப்பட்ட விபத்துல இறந்தவங்க. அங்க விபத்துல சிக்கின டிரைவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நிறைய நடக்குது. நடக்காத கேஸுக்கும் மத்த தகவல்களை வெச்சு மதிப்பீடு பண்றாங்க.

அதுமட்டுமில்ல, சாதாரண ஜனங்ககிட்டயும் நேரடியா கேக்குறாங்க. 2020ல எடுத்த சர்வேயில, கடந்த 30 நாள்ல அளவுக்கு மீறிக் குடிச்சுட்டு வண்டி ஓட்டினதா ஒத்துக்கிட்டவங்க பெரியவங்கள்ல 1.2 சதவீதம்தான். கேட்கக் கம்மியா தெரியுதா? அதை வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 12.7 கோடி தடவை வருது. நூத்துல ஒருத்தர் பண்ணினாலே ஒரு நாட்டுக்கு இந்தக் கணக்கு.

அங்க மூணுல ஒரு மரணம், இங்க நாப்பதுல ஒண்ணு. நம்ம ஆளுங்க அவ்வளவு பொறுப்பானவங்கன்னு நீங்க நம்புறீங்களா? நான் நம்பல. இங்க பல விபத்துல யாரும் டெஸ்ட் எடுக்கிறதில்ல, வேகத்தை மட்டும் எழுதிட்டு ஃபைலை மூடிடுறாங்க. அந்த 2.5 சதவீதம் என்பது நாம ‘கண்டுபிடிச்சது’, ‘நடந்தது’ இல்ல.

அதனால அந்தத் தங்கச்சி சொன்னது சரிதான், நிறைய பேர் பண்றாங்க. ஆனா நிறைய பேர் பண்றாங்கங்கிறது இன்சூரன்ஸ் பாலிசியில ஒரு விதிவிலக்கு கிடையாது.

‘ரெண்டு பீர்’னா எவ்வளவு?

சட்டம் சொல்ற அளவு இது: 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. அதுக்கு மேல இருந்தா குற்றம்.

30ங்கிறது எவ்வளவுன்னு தோராயமா ஒரு கணக்குப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒரு ஆண்னு வெச்சுக்குவோம்.

- 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒண்ணு, 7 சதவீதம் ஆல்கஹால்: அதுல சுமார் 36 கிராம் ஆல்கஹால் இருக்கு. ரத்தத்துல கிட்டத்தட்ட 75 மில்லிகிராம் வரைக்கும் போகும்.
- ஒரு குவார்ட்டர், 180 மில்லி பிராந்தியோ விஸ்கியோ: சுமார் 61 கிராம். ரத்தத்துல 125க்கு மேல.
- ரெண்டு ஸ்ட்ராங் பீர்: 150 வரைக்கும்.
- ஒரு ஆஃப், 375 மில்லி: 260ஐத் தாண்டும்.

அதாவது, ஒரே ஒரு பீர் பாட்டில்லயே சட்டம் சொல்ற அளவைப் போல ரெண்டு மடங்கு தாண்டியாச்சு. ‘லிமிட்டா குடிச்சேன்’ங்கிற வார்த்தைக்கு இங்க அர்த்தமே இல்ல.

சரி, எப்ப இறங்கும்? சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம்தான் நம்ம கல்லீரல் வெளியேத்தும். தயிர் சாதம், எலுமிச்சை ஜூஸ், பச்சைத் தண்ணி குளியல், பிளாக் காபி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தெளிவா இருக்கிற மாதிரி தோணும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்து ஒரு ஆஃப் முடிக்கிறவருக்கு, இந்தக் கணக்குப்படி ஞாயித்துக்கிழமை மதியம் கிட்டத்தட்ட ஒரு மணிக்குத்தான் அளவு 30க்குக் கீழ வரும். ஆனா அவர் காலையில எட்டு மணிக்கே பையனைப் பின்னாடி உட்கார வெச்சு மட்டன் வாங்கக் கிளம்பியிருப்பார். ‘நேத்து நைட்டுதானே குடிச்சேன்’னு நெனச்சுக்கிட்டு.

ஆளுக்கு ஆள் இது மாறும். எடை, சாப்பாடு, உடம்பு எல்லாம் பொறுத்தது. அதனால இதை வெச்சு ‘எனக்கு எத்தனை மணிக்கு இறங்கும்’னு திட்டம் போடாதீங்க. ஒரு பீர்கூட சின்ன அளவு இல்லன்னு புரிஞ்சுக்கிட்டா போதும்.

முதல் பில்: கோர்ட்டு, ஃபைன், லைசென்ஸ்

நம்ம ஆளுங்க பயப்படுறது இந்த ஒரு பில்லுக்குத்தான். ஆனா இருக்கிறதுலேயே சின்ன பில் இதுதான்.

2019ல சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம், முதல் தடவை மாட்டினா 6 மாசம் வரைக்கும் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டுமே. அடுத்த தடவை மாட்டினா 2 வருஷம் வரைக்கும் சிறை, 15,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அதுக்கு முன்னாடி முதல் அபராதம் வெறும் 2,000தான். தமிழ்நாட்டுல இந்தப் புது அபராதங்கள் 2022 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு. அப்ப சென்னைப் போக்குவரத்து போலீஸ் இன்னொண்ணும் அறிவிச்சாங்க: குடிச்சவர் ஓட்டுற வண்டின்னு தெரிஞ்சே கூட உட்கார்ந்து வர்றவருக்கும் அபராதம். குற்றத்துக்குத் துணை போறதைப் பத்திப் பேசுற பிரிவு 188 இதுக்குத்தான் இருக்கு.

லைசென்ஸை எடுத்துக்குவோம். குடிச்சுட்டு ஓட்டினா குறைஞ்சது 3 மாசம் லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணணும்னு உச்ச நீதிமன்றம் அமைச்ச சாலைப் பாதுகாப்புக் குழு 2015லயே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டிருக்கு. ஆபீஸ் போறவருக்கு இது தொந்தரவு மட்டும்தான். ஆனா டாக்ஸி, லோடு வண்டி, உணவு டெலிவரின்னு வண்டியை நம்பிப் பிழைக்கிறவருக்கு? மாசம் 22,000 சம்பாதிக்கிறவருக்கு 3 மாசம்னா 66,000 ரூபாய் வருமானம் போச்சு. வண்டி இஎம்ஐ நிக்காது. அப்ப ஃபைன் 10,000 இல்ல, 76,000.

ரெண்டாவது பில்: உங்க வண்டி, உங்க உயிர்

வண்டி இன்சூரன்ஸ் பாலிசியைக் கையில எடுங்க. பி.டி.எஃப்.ல இருந்தா திறந்து பாருங்க. ‘விலக்குகள்’னு ஒரு பகுதி இருக்கும். அதுல, வண்டியை ஓட்டினவர் மது அல்லது போதைப் பொருளோட தாக்கத்துல இருந்தா வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கிடையாதுன்னு இருக்கும். 15 லட்சம் தனிநபர் விபத்து கவர்லயும் இதே வரி. ஆயுள் காப்பீட்டோட சேர்த்து வாங்குற விபத்து ரைடர்லயும் பொதுவா இதே வரி. மருத்துவக் காப்பீட்டுல மதுப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதோட விளைவுகளும் விலக்குப் பட்டியல்ல இருக்கு. அதைக் காட்டி விபத்து பில்லையும் நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கு.

‘போலீஸ் ஊதச் சொல்லல, ரத்தம் எடுக்கல, அப்புறம் எப்படி நிரூபிப்பாங்க?’ன்னு ஒருத்தர் கேப்பார். அதுக்கும் பதில் இருக்கு. 2007 டிசம்பர்ல டெல்லி இந்தியா கேட் பக்கத்துல ஒரு போர்ஷே கார் நடைபாதையில மோதிக் கவிழ்ந்து தீப்பிடிச்சு எரிஞ்சுது. கார் ஒரு குளிர்பானக் கம்பெனி பேர்ல இருந்துச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. கேஸ் நுகர்வோர் ஆணையம் வழியா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2021 ஏப்ரல்ல, நீதிபதிகள் யு.யு. லலித், இந்திரா பானர்ஜி, கே.எம். ஜோசப் அமர்வு இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. ரத்தப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ இல்லங்கிற ஒரே காரணத்துக்காக, டிரைவர் போதையில இருந்ததை இன்சூரன்ஸ் கம்பெனி வேற ஆதாரம் மூலமா நிரூபிக்க முடியாதுன்னு சொல்ல முடியாதுன்னுதான் அந்தத் தீர்ப்பு சொல்லுது. விபத்து நடந்த விதம், டாக்டர் எழுதின குறிப்பு, சுத்தி இருந்த சூழ்நிலை எல்லாமே ஆதாரம்தான்.

ஆக, ‘டெஸ்ட் எடுக்காம தப்பிச்சுட்டேன்’ங்கிறது கிரிமினல் கேஸுக்கு வேணா உதவலாம். கிளெய்முக்கு உதவும்னு நம்பாதீங்க.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிடுறேன். சாதாரண டேர்ம் பாலிசியில அடிப்படைத் தொகைக்குப் பொதுவா இந்த விலக்கு கிடையாது. அதனாலதான் அந்தத் தங்கச்சிக்கு அந்தத் தொகை மட்டும் வந்துச்சு. ஆனா பாலிசி எடுக்கும்போது மதுப் பழக்கத்தைப் பத்திக் கேக்குற கேள்விக்கு ‘இல்ல’ன்னு பொய் எழுதியிருந்தா, அங்கயும் சிக்கல் வரும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல, உண்மையை எழுதுங்க.

மூணாவது பில்: இன்னொருத்தர் உயிர்

நம்மள்ல பல பேர் கணக்கே போடாத பில் இது. கொஞ்சம் நிதானமா படிங்க.

நீங்க குடிச்சுட்டு ஓட்டி, உங்க வண்டி மோதி ஒருத்தர் இறந்துட்டார்னு வெச்சுக்குவோம். அவருக்கு 32 வயசு. சொந்தமா சின்ன ஒர்க்‌ஷாப். மாசம் 25,000 வருமானம். வீட்டுல மனைவி, ரெண்டு பிள்ளைங்க, அம்மா. நஷ்ட ஈட்டை எப்படிக் கணக்குப் போடணும்னு 2009லயும் 2017லயும் உச்ச நீதிமன்றம் தெளிவா வழி சொல்லியிருக்கு. அதன்படி போடுவோம்:

- வருஷ வருமானம்: 25,000 × 12 = 3,00,000
- எதிர்கால வருமான உயர்வு (சுயதொழில், 40 வயசுக்குக் கீழ) 40 சதவீதம்: மொத்தம் 4,20,000
- நாலு பேர் அவரை நம்பி இருக்கிறதால அவரோட சொந்தச் செலவுக்கு நாலுல ஒரு பங்கு கழிவு: மீதி 3,15,000
- 32 வயசுக்கான பெருக்கல் எண் 16: 3,15,000 × 16 = 50,40,000

இதோட ஈமச்சடங்குச் செலவு, குடும்ப உறவை இழந்ததுக்கான தொகை, வட்டி எல்லாம் தனி. ஆக மொத்தம் அரைக் கோடிக்கு மேல.

‘அதுக்குத்தானே தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்?’ கரெக்ட், சாதாரண விபத்துன்னா கம்பெனி கட்டும். குடிச்சிருந்தா கதை மாறுது. திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தோட பிரிவு 150, 2022 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. பாலிசி நிபந்தனையை மீறினதா இன்சூரன்ஸ் கம்பெனி எதையெல்லாம் காரணம் காட்டலாம்ங்கிற பட்டியல்ல, பிரிவு 185ன்படி குடிச்சுட்டு ஓட்டுறதும் இப்ப சேர்ந்திருக்கு.

அப்ப இறந்தவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? 2023ல கேரள உயர் நீதிமன்றம் ஒரு கேஸ்ல சொன்னது: பாதிக்கப்பட்டவர் மூணாம் நபர், அவர் மேல தப்பில்ல, அதனால இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பணத்தைக் கொடுக்கணும். அப்புறம் அதை டிரைவர்கிட்டயும் வண்டி ஓனர்கிட்டயும் வசூல் பண்ணிக்கலாம். வக்கீல்கள் இதை ‘பே அண்ட் ரெக்கவர்’னு சொல்வாங்க.

அந்தக் குடும்பத்துக்கு இது நியாயம், கிடைக்கத்தான் வேணும். ஆனா உங்க பக்கத்துல இருந்து பாருங்க. அரைக் கோடி ரூபாய் கடன். பேங்க்ல வாங்காத கடன். கட்டலன்னா ஜப்தி வரைக்கும் போகலாம். அப்பா கட்டின வீட்டுல உங்க பங்கு, மனை, சேமிப்பு எல்லாம் அந்தக் கணக்குல வரும். மாசம் 25,000 சம்பளம் வாங்குறவர் ஒரு ரூபா செலவு பண்ணாம மொத்தச் சம்பளத்தையும் கொடுத்தாலும் 50 லட்சத்தை அடைக்க 200 மாசம் ஆகும். பதினாறு வருஷம் எட்டு மாசம்.

இது பணம் மட்டும். 2024 ஜூலைல இருந்து அமல்ல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல, அலட்சியத்தால மரணம் ஏற்படுத்தினா 5 வருஷம் வரைக்கும் சிறை. பழைய சட்டத்துல அது 2 வருஷமா இருந்துச்சு. குடிச்சிருந்தது நிரூபணமானா, இதைவிடக் கடுமையான பிரிவும் போட முடியும்.

இதெல்லாம் தாண்டி, அந்த ஒர்க்‌ஷாப்காரர் வீட்டுல ஒரு நாற்காலி காலியா இருக்கும். அதுக்கு நான் கணக்குப் போடல. போட முடியாது.

வண்டியை இரவல் கொடுக்கிறவங்க கவனத்துக்கு

‘மச்சான் சாவி குடுடா, பத்து நிமிஷத்துல வந்துடுறேன்’. இந்த வசனம் நம்ம ஊர்ல ஃபேமஸ். அவர் சரக்கு வாங்கவோ, குடிச்சுட்டு சைட் டிஷ் வாங்கவோதான் போறார்னு தெரிஞ்சும் சாவியைக் கொடுப்போம்.

பாலிசியில இருக்கிற வரியை மறுபடி பாருங்க. ஓனர் குடிச்சிருந்தா மட்டும்னு அதுல இல்ல. ஓனருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதத்தோட ஓட்டினவர் குடிச்சிருந்தாலும் விலக்குதான். மேல சொன்ன ‘பே அண்ட் ரெக்கவர்’லயும் ஓனர் பேர் முதல் வரியில இருக்கும். நீங்க வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்திருப்பீங்க. வண்டி ஆர்சி உங்க பேர்ல இருக்கு, அது போதும். உறவு கெட்டுப் போகும்னு சாவி கொடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: சாவி கொடுக்காததால வர்ற கோபம் ரெண்டு நாள்ல போயிடும்.

சரி, என்ன பண்ணலாம்?

நம்ம பாணியில, பட்ஜெட் போட்டுடலாம்.

ஒண்ணு: ‘திரும்பி வர்ற செலவு’ன்னு ஒரு தலைப்பு. மாசத்துக்கு ரெண்டு தடவை வெளிய குடிக்கிறவர்னு வெச்சுக்குவோம். ஆட்டோவோ, கேப்போ, ஆக்டிங் டிரைவரோ, ஒரு தடவைக்கு 500 ரூபாய்னு போடுங்க. மாசம் 1,000, வருஷம் 12,000. ரெண்டு ஸ்ட்ராங் பீருக்குப் பணம் இருக்குன்னா இதுக்கும் இருக்கணும். இல்லன்னா அன்னிக்குக் குடிக்கவும் பணம் இல்லன்னு அர்த்தம். அவ்வளவுதான்.

ரெண்டு: வண்டியை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. இது ரொம்ப முக்கியம். குடிச்சதுக்கு அப்புறம் எடுக்கிற முடிவை நம்ப முடியாது. அப்ப எல்லாருமே ‘ஸ்டெடி’தான். முடிவை சாயங்காலம் ஆறு மணிக்கே எடுத்துடணும். எஸ்ஐபி எப்படி மாசத் தொடக்கத்துலயே தானா போயிடுதோ, அதே லாஜிக்.

மூணு: ஊர்ப்பக்கம் ராத்திரி ஆட்டோ கிடைக்காதுன்னு சொல்வீங்க. உண்மைதான், நானும் ஊர்க்காரன்தான். அப்ப விசேஷ வீட்டுலயே தங்கிட்டுக் காலையில நிதானமா கிளம்புங்க. இல்ல, அன்னிக்கு குடிக்காத ஒருத்தர் நாலு பேரைக் கார்ல கூட்டிட்டு வரட்டும். அந்த ஒருத்தர் ‘ஒரே ஒரு பெக்’னு ஆரம்பிச்சா திட்டம் காலி.

நாலு: இந்த வாரமே பாலிசிகளை எடுத்து விலக்குகள் பகுதியை மனைவியோட, அம்மா அப்பாவோட உட்கார்ந்து படிங்க. குடிக்கிறவரைவிட, அவரை நம்பி இருக்கிறவங்களுக்குத்தான் அந்தப் பக்கம் தெரிஞ்சிருக்கணும்.

அஞ்சு: வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ‘எப்ப வருவீங்க?’ன்னு கேக்காதீங்க. அவசரமா வண்டி எடுக்க அதுவே ஒரு காரணமாயிடும். ‘எப்படி வருவீங்க?’ன்னு கேளுங்க.

அந்தத் தங்கச்சிக்கு என்ன பதில் எழுதினேன்?

முதல்ல வேலை சம்பந்தமா எழுதினேன். கிளெய்மை நிராகரிச்ச கடிதத்தைக் காரணத்தோட எழுத்துப்பூர்வமா வாங்குங்க. ஏ.ஆர். காப்பி, ரத்தப் பரிசோதனை முடிவு ரெண்டையும் கேட்டு வாங்குங்க. ‘மது வாசனை’ன்னு ஒரு வரி இருக்கிறதும், ரத்தத்துல எவ்வளவுன்னு எண் இருக்கிறதும் வேற வேற. விலக்கு பொருந்தும்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனியோடது. முதல்ல கம்பெனியோட குறை தீர்க்கும் அதிகாரிகிட்ட புகார். பதில் திருப்தி இல்லன்னா ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்ல. நுகர்வோர் ஆணையம்னா ரெண்டு வருஷத்துக்குள்ள. கண்டிப்பா ஜெயிக்கும்னு நான் வாக்குக் கொடுக்கல. ரத்தப் பரிசோதனையில எண் அதிகமா இருந்தா கஷ்டம்தான்னு உண்மையைச் சொல்லிட்டேன்.

அப்புறம் அந்தக் கடைசிக் கேள்விக்கு. ‘எல்லாரும்தானே பண்றாங்க, எங்களுக்கு மட்டும் ஏன்?’

நான் எழுதினது இதுதான்: “உங்களுக்கு மட்டும் இல்லம்மா. நிறைய வீட்டுல இது நடந்திருக்கு. யாரும் வெளிய சொல்றதில்ல. ‘குடிச்சிருந்தார்’னு சொன்னா இறந்தவருக்கு மரியாதை போயிடும்னு நெனச்சு, ‘நாய் குறுக்க வந்துச்சு’ன்னு மட்டும் சொல்லிடுறோம். அதனால அடுத்த வீட்டுக்காரருக்கு இது தெரியாமலே போயிடுது.”

அதுக்கு அவங்க ஒரே வரியில பதில் அனுப்பினாங்க: “அப்ப நீங்க எழுதுங்கண்ணா. நாய் கதையோட ரெண்டு பீரையும் சேர்த்தே எழுதுங்க.”

எழுதிட்டேன் தங்கச்சி.

நண்பர்களே, இந்தப் பதிவை உங்க குடும்ப குரூப்ல போடுறதைவிட, நீங்க யார்கூட உட்கார்ந்து குடிக்கிறீங்களோ அந்த குரூப்ல போடுங்க. உங்க பாலிசியில விலக்குகள் பத்திப் புரியாத வரி இருந்தா, பாலிசி எண்ணை மறைச்சுட்டு அந்த வரியை மட்டும் கமென்ட்ல டைப் பண்ணுங்க. அடுத்த வீடியோவுல ஒண்ணொண்ணா எடுத்துப் பேசுவோம்.

சனிக்கிழமை வருது. சாவி பத்திரம்.